தமிழ்நாட்டுச் சிறைகளில் உறவினரைச் சந்திக்கச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் கைதாகிச் சிறைக்குப் போய்விட்டால், வழக்கறிஞரைத் தேடுவதற்கு அடுத்தபடியாகக் குடும்பத்தார் கேட்பது, அவரை எப்போது பார்க்கலாம் என்பதுதான். சிறை வாசலில் ஆளுக்கொன்றாகச் சொல்வதை நம்பி அலைந்து, தாள் ஒன்று குறைந்ததால் திரும்பி வருபவர்கள் பலர். உள்ளே இருப்பவர் என்ன குற்றச்சாட்டில் இருந்தாலும், அவரைச் சந்திப்பது உங்களுக்கும் அவருக்கும் சட்டம் ஒப்புக்கொண்ட ஒன்று. சந்திப்புக்குக் கிடைப்பதோ மிகக் குறைந்த நேரம். அந்த நேரம் வாசலிலேயே கரைந்துவிடாமல் இருக்க, புறப்படும் முன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சிறையில் இருப்பவரைப் பார்ப்பது உரிமையா, அதிகாரிகளின் தயவா?

உரிமைதான். 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவு, விசாரணைக் கைதி (வழக்கு முடியாமல் காவலில் இருப்பவர்) யாரைச் சந்திக்க விரும்புகிறாரோ அவர்கள் உரிய நேரத்தில், உரிய கட்டுப்பாடுகளுடன் வந்து பார்க்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கூறுகிறது. அதே பிரிவு, வழக்கறிஞரை வேறு எவரும் உடன் இல்லாமல் சந்திக்கும் வாய்ப்பையும் தருகிறது. 1979 டிசம்பரில் சுனில் பத்ரா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர், குடும்பத்தாரும் நண்பர்களும் வந்து பார்ப்பது உலகத்திலிருந்து பிரிக்கப்பட்ட கைதிக்கு ஆறுதல் என்றும், அதை மறுப்பது மனிதத்தன்மை அற்றது என்றும் எழுதினார். 1981இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் சந்திப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. தடுப்புக் காவலில் (குற்றம் செய்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே அடைத்து வைப்பதில்) இருந்த அந்தப் பெண்ணுக்கு மாதம் ஒரு சந்திப்பு மட்டுமே தரப்பட்டிருந்தது. வாரம் இரண்டு சந்திப்புகளை அனுமதிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே வாசலில் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாள், நேரம், எண்ணிக்கை, அடையாளச் சான்று ஆகியவற்றில் சிறை நிர்வாகம் விதிக்கும் கட்டுப்பாடுகளும் சட்டப்படியானவையே. ஒழுங்கான தாள்களை வைத்துக்கொண்டு, மரியாதை குறையாமல், உறுதியாகப் பேசுபவருக்கு வேலை விரைவாக நடக்கும்.

அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று எப்படி அறிவது?

காவல் நிலையத்தில் இருக்கும்வரை சிறைச் சந்திப்பு என்ற பேச்சே கிடையாது. நீதித்துறை நடுவர் முன் நிறுத்தி ரிமாண்ட் (காவலில் வைக்கும் உத்தரவு) செய்த பிறகே அவர் சிறைக்கு அனுப்பப்படுவார். எந்தச் சிறை என்பது ரிமாண்ட் உத்தரவில் இருக்கும். வழக்கறிஞரிடமோ, கைது செய்த காவல் நிலையத்திலோ கேட்டு உறுதி செய்யுங்கள். முதலில் கிளைச் சிறையில் வைத்துவிட்டுப் பின்னர் மத்திய சிறைக்கு மாற்றுவதும் உண்டு என்பதால், புறப்படும் நாளில் இன்னொரு முறை விசாரிப்பது நல்லது.

தமிழ்நாட்டில் புழல் 1, புழல் 2, வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை என ஒன்பது மத்திய சிறைகள் உள்ளன. புழலில் தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சிறைகள் இருப்பதால், வாசல் மாறிப்போய் வரிசையில் நின்று காலையை இழப்பவர்கள் உண்டு. பெண்களுக்குப் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை ஆகிய இடங்களில் தனிச் சிறைகள் இருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பாதவர் சிறையில் இருக்கக் கூடாது. அவர் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்தில் இருப்பார், அங்கே நடைமுறை வேறு. உங்கள் பிள்ளைக்குப் பதினெட்டு நிறைவடையாத நிலையில் அவனைச் சிறைக்கு அனுப்பியிருந்தால், பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.

சந்திப்புக்கு மனு போட என்னென்ன தாள்கள் வேண்டும்?

ஆதார், வாக்காளர் அடையாள அட்டை போன்ற அரசு அடையாள அட்டை ஒன்றின் மூலமும் நகலும் சந்திக்க வரும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். உறவைக் காட்டக் குடும்ப அட்டையின் நகல் உதவும். சிறைக்கு வெளியே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் இருக்கும், மின்சாரமும் போகலாம். நகல்களை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.

மனுவில் கைதியின் பெயர், தந்தை பெயர், வழக்கின் குற்ற எண், காவல் நிலையம், தெரிந்தால் கைதி எண் ஆகியவற்றை எழுத வேண்டும். பெயர் விஷயத்தில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. வீட்டில் எல்லோரும் மணி என்று அழைப்பவர் ஆதாரில் மணிகண்டனாக இருப்பார். முதல் தகவல் அறிக்கையிலோ ‘மணி என்கிற கருப்பு மணி’ என்று பதிந்திருப்பார்கள். சிறைப் பதிவேடு அந்த ஆவணத்தைப் பின்பற்றியே எழுதப்படுகிறது. ஆகவே முதல் தகவல் அறிக்கையின் நகலையோ, குற்ற எண்ணும் அதில் உள்ளபடியே பெயரும் எழுதிய சீட்டையோ கையில் வைத்திருங்கள். மனைவியின் ஆதாரில் இன்னும் தந்தை பெயரே இருந்தால், கணவன் மனைவி என்று காட்டும் வேறொரு சான்று தேவைப்படலாம்.

மனு எழுதத் தெரியாதவர்கள் அங்கே பணியில் இருக்கும் காவலரிடமே உதவி கேட்கலாம். மனு போடக் கட்டணம் எதுவும் கிடையாது. விரைவாகப் பார்க்க வைக்கிறேன், கூடுதல் நேரம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டி வரும். வருமானம் ஈட்டியவர் உள்ளே இருக்கும்போது அந்தப் பணம் வீட்டின் அரிசிச் செலவிலிருந்துதான் போகிறது.

இணையம் வழியாக முன்பதிவு செய்ய முடியுமா?

முடியும். தேசியத் தகவலியல் மையம் நடத்தும் இ-பிரிசன்ஸ் தளத்தில் இ-முலாகாத் என்ற பகுதி உள்ளது. அதில் சந்திக்க வருபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம், கைபேசி எண் ஆகியவற்றையும், கைதி இருக்கும் மாநிலம், சிறை, அவரது பெயர் ஆகியவற்றையும் பதிய வேண்டும். கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை உள்ளிட்டால் கோரிக்கை பதிவாகும். நேரில் சந்திப்பதா, காணொலி வழியாகவா என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். பதிவு செய்ததே அனுமதி ஆகிவிடாது. சிறை நிர்வாகம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் சந்திப்பு உறுதியாகும். வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ இருப்பவர்களுக்குக் காணொலிச் சந்திப்பு பெரும் உதவி.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்க்கலாம்?

விசாரணைக் கைதிகளுக்கு அடிக்கடியும், தண்டனைக் கைதிகளுக்கு அதைவிடக் குறைவாகவும் சந்திப்புகள் தரப்படுகின்றன. எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் மனு கொடுக்க வேண்டும், ஒரு மனுவில் எத்தனை பேர் என்பவை சிறைக்குச் சிறை மாறக்கூடியவை. அவ்வப்போது திருத்தவும் படுகின்றன. சிறை வாசலின் அறிவிப்புப் பலகையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் தனித்தனியே மனு போட்டால் ஒருவரின் சந்திப்பு மற்றவரின் முறையைத் தின்றுவிடும். திங்கட்கிழமை நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போக, புதன்கிழமை ஊரிலிருந்து பேருந்தேறி வந்த தாய் திருப்பி அனுப்பப்படுவது நடக்கக்கூடியது. யார், எந்த வாரம் என்று குடும்பத்துக்குள் பேசி ஒருவரே முறைப்படுத்துவது நல்லது.

வாசலுக்குப் போன பிறகு என்ன நடக்கும்?

மனு கொடுத்தபின் காத்திருக்க வேண்டும். பெயர் அழைக்கப்படும், அடையாள அட்டை சரிபார்க்கப்படும், புகைப்படம் எடுக்கப்படலாம். கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. கைபேசியில் மட்டுமே இருக்கும் வழக்கு எண், வாய்தா தேதி, வழக்கறிஞரின் எண் ஆகியவற்றை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பலரும் அந்த இடத்தில்தான் உணர்கிறார்கள். தண்ணீர், சாப்பாடு, மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மாத்திரை ஆகியவற்றுடன் வாருங்கள். மதியம்வரை ஆகலாம் என்றே திட்டமிடுங்கள்.

நேர்காணல் அறையைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும். சினிமாவில் காண்பதுபோல மேசைக்கு இருபுறமும் அமர்ந்து பேச முடியாது. பழைய முறையில் இரண்டு கம்பி வலைகள் இருக்கும், நடுவே இடைவெளி. வலைக்கு அந்தப்புறம் பத்துப் பேர், இந்தப்புறம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவரின் குரலை மீறி உங்கள் குரல் போய்ச் சேர வேண்டும். வலைக்குப் பின்னால் முகம் துண்டு துண்டாகத்தான் தெரியும். கண்ணாடித் தடுப்பும் இன்டர்காமும் வைத்த அறைகளில் குரல் தெளிவாகக் கேட்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஒலிவாங்கியைப் பிடிக்க முடியும். மூன்று பேர் போனால் யார் முதலில் பேசுவது என்று வெளியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்ன கொண்டுபோகலாம்? பணம் கொடுக்கலாமா?

சிறைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு, தண்டிக்கப்படாத கைதி தமக்கு வேண்டிய உணவு, உடை, படுக்கை போன்றவற்றைச் சோதனைக்கு உட்பட்டு வெளியிலிருந்து பெற அனுமதிக்கிறது. நடைமுறையில் எவற்றை ஏற்பார்கள் என்பதற்கு ஒவ்வொரு சிறையிலும் பட்டியல் உண்டு. விசாரணைக் கைதிக்கு உள்ளாடை, கைலி, துண்டு, சட்டை ஆகியவை முதல் வாரத்திலேயே தேவைப்படும், ஏனெனில் பெரும்பாலோர் கட்டிய துணியோடு கைதாகியிருப்பார்கள். தண்டனைக் கைதிக்குச் சிறைச் சீருடை வழங்கப்படும். வீட்டில் சமைத்த சாப்பாட்டை ஏற்பார்கள் என்ற நம்பிக்கையில் விடியற்காலையில் எழுந்து சமைத்துச் சுமந்து செல்லாதீர்கள். முதலில் பட்டியலைப் பாருங்கள்.

பணத்தைக் கையில் கொடுக்க முடியாது. கைதியின் பெயரில் உள்ள கணக்கில் செலுத்தி ரசீது வாங்க வேண்டும். அதிலிருந்து அவர் சிறைக் கேன்டீனில் பொருள் வாங்கிக்கொள்வார். எவ்வளவு செலுத்தினீர்கள் என்பதைச் சந்திப்பின்போது அவரிடமும் சொல்லுங்கள். கேன்டீனில் பிஸ்கட்டும் சோப்பும் கிடைக்கும் என்பதால், சுமந்து செல்லும் பையைவிடச் சிறு தொகையே பெரும்பாலும் பயன்படும்.

அடுத்து வருவதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். தடைசெய்யப்பட்ட பொருளைச் சிறைக்குள் கொண்டுபோவதும் கொண்டுபோக முயல்வதும் 42ஆம் பிரிவின்படி குற்றம். கஞ்சா, கைபேசி, சிம் கார்டு ஆகியவை மட்டுமல்ல, ஒரு பீடிக்கட்டுகூட உங்களைச் சிக்கலில் மாட்டிவிடலாம். வாசலில் காத்திருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் அருகில் வந்து, ‘அக்கா, என் தம்பியும் அதே பிளாக்தான், இந்தச் சட்டையை மட்டும் உங்க ஆள்கிட்ட கொடுத்துடுங்க’ என்று கேட்கலாம். மடிப்புக்குள் என்ன தைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவரே மிரட்டலுக்குப் பயந்து ஏதாவது கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுபோகாதீர்கள். அந்த மிரட்டலை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

சோதனையின்போது கூச்சமாக இருக்கிறது. மறுக்கலாமா?

மறுத்தால் அனுமதி மறுக்கப்படலாம். ஆனால் கைதிகளின் முன்னிலையிலோ வேறொரு பார்வையாளர் முன்னிலையிலோ சோதனை செய்யக் கூடாது என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. பெண்களைப் பெண் காவலரே சோதிக்க வேண்டும். உலோகக் கொக்கிகள், கனமான நகைகள் இல்லாத எளிய, முழுமையான உடையில் செல்வது வேலையைச் சுலபமாக்கும்.

அந்தச் சில நிமிடங்களில் என்ன பேசுவது?

முதல் சந்திப்பில் பெரும்பாலான குடும்பங்கள் அழுதே நேரத்தைக் கழித்துவிடுகின்றன. அழுகை வரத்தான் செய்யும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு சிறு தாளில் நான்கைந்து வரிகள் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வழக்கறிஞர் யார், வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா, ஜாமீன் மனு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு, பிணைதாரராக நிற்க யாரைக் கேட்கலாம் ஆகியவற்றை முதலில் பேசி முடியுங்கள். சிறையில் இருப்பவர் போடும் வக்காலத்துக் கையெழுத்துக்குச் சிறை அலுவலரின் சான்றொப்பம் வேண்டும் என்பதால், அது எங்கே நின்றிருக்கிறது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் கைபேசி எண் அவருக்கு மனப்பாடமாகத் தெரியுமா என்றும் கேளுங்கள். கைபேசி வந்த பிறகு மனைவியின் எண்ணைக்கூட மனத்தில் வைத்திருப்பவர் குறைவு. சிறையிலிருந்து பேச வாய்ப்பு வரும்போது எண் தெரியாமல் தவிப்பார்கள்.

வழக்கின் சம்பவத்தைப் பற்றி, யார் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி அங்கே பேச வேண்டாம். சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், காவலர்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு வழக்கறிஞருடன் தனியாக நடக்க வேண்டியது.

மீதி நேரம் வீட்டுக்கானது. நல்ல செய்தியை மட்டுமே சொல்ல வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் அப்படிக் கருதவில்லை. வாடகை பாக்கி இருக்கிறது, தம்பி வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறான், அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று உள்ளதை அளவாகச் சொல்லலாம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேட்பவர், தம்மிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று இரவெல்லாம் யோசிப்பார். அதேபோல, ‘உன்னால்தான் இந்த நிலைமை’ என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தாலும் அங்கே வேண்டாம். அந்தக் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவர் திரும்பிச் செல்வது ஆறுதல் சொல்ல ஆளில்லாத ஓர் அறைக்கு.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

செல்லலாம், ஆனால் முதல் சந்திப்பில் வேண்டாம். பெரியவர் ஒருவர் முதலில் போய், அந்த அறை எப்படி இருக்கிறது, உள்ளே இருப்பவரின் மனநிலை எப்படி என்று பார்த்துவிட்டு, பிறகு குழந்தையைத் தயார்செய்து அழைத்துச் செல்வது நல்லது. நடுவே தடுப்பு இருக்கும், அப்பா தூக்க முடியாது, காவலர்கள் இருப்பார்கள், கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே போய்விடுவார் என்பதை எளிய சொற்களில் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லி வளர்க்கும் வீடுகளைப் பார்க்கிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் தெருவிலோ பள்ளியிலோ வேறொரு பிள்ளையின் வாயிலிருந்து உண்மை வெளிவரும்போது, குழந்தைக்கு அப்பாவின் மீது மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்கள் மீதும் நம்பிக்கை போய்விடுகிறது. அதன் வயதுக்குத் தகுந்த அளவில் உண்மையைச் சொல்வதே மேல் என்பது எங்கள் கருத்து. சிறையில் இருப்பவர் தாய் என்றால், ஆறு வயதுவரையுள்ள குழந்தை அவருடன் இருக்கலாம் என்பதை 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிகளோடு உறுதி செய்தது.

மனு போட்டும் அவர் வெளியே வந்து பார்க்க மறுத்துவிட்டார். என்ன செய்வது?

இது நடக்கிறது. வெட்கம், குற்ற உணர்ச்சி, தம்மை இந்தக் கோலத்தில் அம்மா பார்க்கக் கூடாது என்ற எண்ணம் ஆகியவை காரணமாக இருக்கலாம். சந்திப்பு கைதியின் விருப்பத்தையும் பொறுத்தது என்பதால் அவரை யாரும் வற்புறுத்த முடியாது. கோபித்துக்கொண்டு போவதை நிறுத்திவிடாதீர்கள். ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதங்கள் தணிக்கைக்குப் பிறகு அவரிடம் சேரும். மத்திய சிறைகளில் நல அலுவலரும் உளவியலாளரும் பணியில் இருக்கிறார்கள். அவர்களிடம் நிலைமையைச் சொல்லி அவரோடு பேசும்படி கேட்கலாம். யாரையும் பார்க்க விரும்பாமல் ஒதுங்குவதும், சாப்பாட்டைத் தவிர்ப்பதும் சேர்ந்து இருந்தால், அதை எழுத்து மூலமாகக் கண்காணிப்பாளருக்கே தெரிவியுங்கள்.

அவர் உடலில் காயம் தெரிந்தது, அல்லது நோய்க்கு மருந்து கிடைக்கவில்லை என்கிறார்.

எந்த இடத்தில், எந்த மாதிரியான காயம், எப்போது ஏற்பட்டதாகச் சொன்னார் என்பதை வெளியே வந்தவுடன் தேதியுடன் எழுதி வையுங்கள். வழக்கறிஞர் மூலமாக, ரிமாண்ட் செய்த நீதிமன்றத்தில் மனு போட்டு மருத்துவப் பரிசோதனை கோரலாம். மாவட்ட நீதிபதியும் மாவட்ட ஆட்சியரும் பதவி வழியில் சிறைப் பார்வையாளர்கள் ஆவர். அவர்களுக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். வெளியிலிருந்து மாத்திரைகளை நேரடியாகக் கொடுக்க முடியாது என்பதால், பழைய மருந்துச் சீட்டுகளின் நகலையும் பரிசோதனை அறிக்கைகளையும் சிறை மருத்துவரிடம் சேர்க்கும்படி கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை கேளுங்கள். அரசு மருத்துவமனையின் கைதிகள் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தால், அங்கே பார்க்கவும் சிறை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

வாய்தாவுக்கு நீதிமன்றம் வரும்போது பேசிக்கொள்ளலாமே?

பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது வழிக்காவலர்கள் விட்டுக்கொடுப்பதைப் பொறுத்தது. உரிமையாகக் கோர முடியாது. காவல் நீட்டிப்பு காணொலி வழியாகவே முடிந்துவிடுவதும் உண்டு. அங்கே சாப்பாடோ பொருளோ கையில் திணித்தால், திரும்பிச் செல்லும்போது நடக்கும் சோதனையில் மாட்டிக்கொள்பவர் அவர்தான்.

குண்டர் சட்டத்தில் அடைத்திருக்கிறார்கள். சந்திக்க முடியுமா?

முடியும். குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாடு சட்டத்தின்படி தடுப்புக் காவலில் இருப்பவருக்கும் சந்திப்பு உண்டு. இங்கே சந்திப்பின் அவசரம் வேறு. தடுப்பாணையின்படி அவர் அடைக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று வாரங்களுக்குள் அரசு அதை அறிவுரைக் குழுமத்தின் (தடுப்பாணை சரிதானா என்று ஆராயும் குழுவின்) முன் வைக்க வேண்டும். குழுமத்தின் முன் வழக்கறிஞர் வாதாட இடமில்லை. வழக்கறிஞர் அல்லாத நண்பரோ உறவினரோ உதவலாம். தடுப்பாணையும் அதற்கான காரணங்களும் அடங்கிய தாள்கள் அவரிடம்தான் கொடுக்கப்பட்டிருக்கும். அவை புரியும் மொழியில் இருந்தனவா, எல்லாப் பக்கங்களும் படிக்கும்படி இருந்தனவா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். காவலில் வைத்ததே சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும்போது இந்த விவரங்கள் பெரிதும் உதவும்.

ஊர் வெகு தொலைவு. அடிக்கடி வர முடியவில்லை.

காணொலிச் சந்திப்பும் சிறையிலிருந்து பேசும் தொலைபேசி வசதியும் இருக்கின்றன. அவர் எந்த எண்களுக்குப் பேசலாம் என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், வீட்டு எண்ணின் உரிமையாளர் விவரங்களைச் சரியாகக் கொடுங்கள். தண்டனைக் கைதியாக இருந்தால், குடும்பம் வசிக்கும் இடத்துக்கு அருகிலுள்ள சிறைக்கு மாற்றும்படி சிறைத்துறைத் தலைமைக்கு மனு செய்யலாம். முதியோரின் நோய், சிறு குழந்தைகள், பயணத் தொலைவு ஆகிய காரணங்களைச் சான்றுகளுடன் எழுதுங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

வீட்டில் இறப்பு நேர்ந்துவிட்டது. சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். உடனே சிறைக் கண்காணிப்பாளரிடம் செல்லுங்கள். தண்டனைக் கைதிக்கு, நெருங்கிய குடும்பத்தினரின் மரணம், கடும் நோய், திருமணம் ஆகியவற்றுக்காக 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி அவசர விடுப்பு கோரலாம். விசாரணைக் கைதி என்றால் இடைக்கால ஜாமீனோ, வழிக்காவலுடன் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள அனுமதியோ நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். இறப்புச் செய்தியை உறுதி செய்யும் மருத்துவமனைச் சீட்டு அல்லது கிராம நிர்வாக அலுவலரின் கடிதம் கையில் இருந்தால் நேரம் மிச்சமாகும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. யாரிடம் போவது?

காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு வழிசெய்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் செல்லலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது கைதான தேதியையும், எந்தெந்தப் பிரிவுகளில் வழக்கு என்பதையும் சொல்லுங்கள். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால், அவரைப் பிணையில் விடுவிக்கும்படி நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு கூறுகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் பொருந்தாது. உள்ளே இருப்பவருக்கு அந்த நாள் வந்துவிட்டதா என்று ஆணைக்குழுவில் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். வந்திருந்தால், அடுத்த சந்திப்பில் அவரிடம் சொல்லி, கண்காணிப்பாளரிடம் அவரே நினைவூட்டும்படி செய்யுங்கள்.